இரண்டு நட்சத்திரம்

மார்ச் மாதம். ஒஹையோ ஆறு
படகுத்துறைச் சரிவில் பாதிவரை ஏறியிருந்தது.
வியாழன் மாலை ஐந்துக்குள் முந்நூறு சொல் வேண்டும்
என்றாள் ஆசிரியை மார்னா.
ஒரே முறைதான் கேட்டேன், அதுவும்
சமையலறைத் தொட்டிக்கடியில் மல்லாந்து கிடந்து
கசிவைத் தேடிக்கொண்டே.

மட்ஃபிளாட் ஃபைவ்.
பெயரில் ஐவர்; ஸ்டுடியோவுக்குப் போனது மூவர்.
ஒருவன் நாஷ்வில்லில்
யாருக்கோ பின்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்தான்.
கார்வின் ஷ்ராட் இல்லை; நவம்பரில், உறைந்த பாலத்தில்.
அவன் கிதார் இருந்த இடத்தை
ஆர்கனால் அடைத்திருந்தார்கள்.
அன்று எனக்கு அது அப்படிப் புரியவில்லை.

"நிலவறைக்குள் வெள்ளம் புகுந்ததுபோலப்
பாட்டுக்குப் பாட்டு ஆர்கன்.
மிதப்பவை பழைய நாற்காலிகள்."
இந்த வரி எனக்குப் பிடித்திருந்தது.
உண்மையைச் சொன்னால், இதற்குப் பொருந்தட்டும் என்றுதான்
மூன்றாவது நட்சத்திரத்தைப் பிடுங்கினேன்.

வந்த வாசகர் கடிதம் ஒன்றே ஒன்று:
டிரம்மர் பெயரில் எழுத்துப்பிழை.
எழுதியது அவருடைய அம்மா.
சிகாகோப் பத்திரிகை ஒன்று என் நாற்காலிகளை
இரவல் வாங்கிக்கொண்டது, என் பெயரைப் போடாமல்.
மற்றவர்கள் அதுகூடச் செய்யவில்லை.
ஜூலைக்குள் "நீர் வடிந்த பிறகு"
பெட்ரோல் பங்கில்,
குளிர்கண்ணாடிக்கும் தூண்டில் புழுவுக்கும் நடுவே,
ஒன்றரை டாலருக்குக் கிடந்தது.

அதற்கு முன்னால், ஏப்ரலில், ஒரு சனிக்கிழமை
முன்னாள் படைவீரர் மன்றத்தில் வெளியீடு.
அறுபத்தொரு பேர். எண்ணுவது என் தொழில்.
தீயணைப்பு உருளைக்குப் பக்கத்தில்
தொப்பியை இறக்கிக்கொண்டு நின்றேன்.
ஓரின் டீக் சட்டைப்பையிலிருந்து
அந்தப் பத்திரிகைத் துண்டை எடுத்து வாசித்தான்.
முழுவதும். இழுக்காமல், கிண்டலில்லாமல்,
மின்கட்டண ரசீதை வாசிப்பதுபோல.
நாற்காலிகள் வந்தபோது யாரோ சிரித்தார்கள்.
மடித்து உள்ளே வைத்தான்.
"ஆர்கன் விஷயம் சரிதான், டெல்ஃபீன்."

டெல்ஃபீன் க்ரான்ட்ஸ் ஒன்றும் சொல்லவில்லை.
நாலாவது பாட்டு வந்ததும்
கைகளைக் கட்டைகளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்,
பல் மருத்துவரிடம் முறை வரக் காத்திருப்பவள் மாதிரி.

பாட்டு நடந்தது.
நடுவில் ஒரு பள்ளம்.
அதில் வென்டலின் ஸ்டூல் கிறீச்சிட்டது.
யாருடைய கோப்பையிலோ பனிக்கட்டி இடம் மாறியது.
ஓரின் ஒரு சொல்லைத் தவறவிட்டான்,
திரும்பிப் போய் எடுக்கவில்லை.
கார்வினின் எட்டுச் சுற்றும்,
வாசிக்க ஆளில்லாமல்,
ஒன்று குறையாமல் கேட்டன.

யாரும் பதிவு செய்யவில்லை.
குறுந்தகட்டில் இருப்பது இப்போதும் வெள்ளம்தான்.
வருடத்துக்கொரு தரம் போட்டுப் பார்க்கிறேன்;
இன்று எழுதினாலும் இரண்டுதான் கொடுப்பேன்.
நாலாவது வரும்போது மட்டும் எழுந்து
ஏதாவது குழாயை மூடப் போகிறேன்.

போன குளிர்காலம் புரொபேன் லாரியிலிருந்து இறங்கியவர்
வென்டல் ஸ்ட்ரௌட்.
ரசீதில் என் பெயரைப் பார்த்தார்.
பார்த்துக்கொண்டே இருந்தார்.
"ரெண்டு நட்சத்திரம்?"
"ஆமாம்."
"ஒண்ணு அதிகம்."

பிறகு கொல்லைப்புறம் போய்
என் எரிவாயுத் தொட்டியை விரல்முட்டியால்
மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தார்,
சத்தம் மாறும் இடம்வரை.
மானி முப்பது காட்டியது.
"இருபத்தஞ்சு" என்றார்,
குழாயை இழுத்துவரப் போனார்.